மீள்சுழற்சிப் பிளாஸ்டிக்கும் மாற்று மணலும் சேர்ந்த கொங்கிறீட்: பதம் பார்த்துக் கலப்பதற்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கட்டட வேலை தொடங்குகிற எவருக்கும் முதலில் வரும் தலையிடி மணல்தான். முந்தனை ஆற்றிலும் மாதுறு ஓயாவிலும் மணல் கண்ணுக்கு முன்னே கிடந்தாலும், அதை அள்ளுவதற்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி வேண்டும். அளவுக்கு மிஞ்சி அள்ளினால் கரை இடிந்து வயல் போகும் என்பதையும் ஆற்றோரத்து விவசாயிகள் நன்றாகவே அறிவார்கள். மறுபக்கம், வாவிக்கரையிலும் கடற்கரையிலும் போத்தல்களும் உடைந்த கதிரைகளும் ஒதுங்கிக் கிடக்கின்றன. கல்லுடைக்கும் ஆலையின் தூளை மணலுக்குப் பதிலாகவும், அரைத்த பிளாஸ்டிக்கை அதில் ஒரு சிறு பங்காகவும் சேர்க்கலாமே என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது. எண்ணம் நல்லது. ஆனால் இந்த இரண்டும் சேர்ந்தவுடன் இறுகாத கொங்கிறீட்டின் குணம் மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தை அறியாமல், கலவை இறுக்கமாக இருக்கிறதே என்று தண்ணீரை ஊற்றுவதால்தான் இத்தகைய முயற்சிகளில் பல வீணாகின்றன.

மேசன்மார் "பதம்" என்று சொல்லும் இயல்பையே நூல்கள் வேலைத்தகவு என்கின்றன. கலந்த கொங்கிறீட் சல்லி வேறு, சாந்து வேறு என்று பிரியாமல், தூக்கிச் சென்று கொட்டவும், பலகை அடைப்பின் மூலை வரை நிரப்பவும், காற்று இல்லாமல் இறுக்கவும், மேல்முகத்தை வழித்து மட்டம் செய்யவும் இசைய வேண்டும். இவை நான்கும் வேறு வேறு தேவைகள் என்பதை மறக்கக் கூடாது. இளக்கமான கலவை எல்லாமே நல்ல பதம் உள்ள கலவை அல்ல.

எங்கே பயன்படுத்தலாம் என்பதை முதலில் முடிவு செய்தல்

வளவு நடைபாதை, இன்ரலொக் கல், வடிகாலின் அடித்தளம், மதிலுக்குரிய கட்டைக் கல், கம்பி இல்லாத நிரப்புக் கொங்கிறீட் ஆகியவற்றோடு நின்றுவிடுங்கள். தூண், வளை, மேற்தட்டு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் பிளாஸ்டிக் கலந்த கொங்கிறீட்டைப் பொறியியலாளர் ஒருவரின் கணிப்பும் கட்டிச் சோதனையும் (இறுகிய கொங்கிறீட் கட்டியை அமுக்கி உடைத்துப் பார்ப்பது) இல்லாமல் போடக் கூடாது. பிளாஸ்டிக்கின் பங்கு கூடக்கூட அமுக்க வலிமை குறைகிறது, ஏனெனில் வழுவழுப்பான அந்த மேற்பரப்பைச் சீமெந்துச் சாந்து இறுகப் பற்றுவதில்லை. தீயிலும் அது தாக்குப்பிடிக்காது: அடர்த்தி கூடிய பொலித்தீன் ஏறக்குறைய 130 பாகை செல்சியசிலும், பொலிப்புறொப்பிலீன் 160 பாகை அளவிலும் உருகிவிடும். பெட் போத்தலின் பிளாஸ்டிக் 250 பாகை வரை தாங்கினாலும், சீமெந்தின் காரத்தன்மையால் காலப்போக்கில் சிறிது சிறிதாகச் சிதையக்கூடியது.

பிளாஸ்டிக்கைத் தெரிவு செய்தலும் கழுவுதலும்

பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். 1 என்றால் பெட், அதாவது சோடா, தண்ணீர்ப் போத்தல். 2 என்றால் அடர்த்தி கூடிய பொலித்தீன். எண்ணெய்க் கான்களும் சலவைத் திரவப் போத்தல்களும் இதில் அடங்கும். 5 என்றால் பொலிப்புறொப்பிலீன். போத்தல் மூடிகள் பெரும்பாலும் இதனாலோ 2 ஆம் வகையாலோ ஆனவை. 3 என்ற இலக்கம் உள்ள பீவீசியைச் சேர்க்க வேண்டாம், அதில் குளோரின் இருக்கிறது. சொப்பிங் பைகளும் மெல்லிய உறைகளும் எந்தக் கலவைக்கும் ஆகாது. அவை கலவை இயந்திரத்தின் தகடுகளில் சுற்றிக்கொள்ளும், சாந்தினுள் மடிந்து வெற்றிடம் உண்டாக்கும்.

வகை தெரியாமல் அரைத்த துண்டுகள் கிடைத்தால் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், பெட்டின் அடர்த்தி 1.38 என்பதால் அது தாழும். பொலித்தீனும் பொலிப்புறொப்பிலீனும் 0.95, 0.90 அளவில் இருப்பதால் மிதக்கும். ஆயினும், தண்ணீரில் தாழ்ந்த பெட் கொங்கிறீட்டில் மேலே வராது என்று எண்ணிவிடக் கூடாது. சீமெந்தும் தண்ணீரும் சேர்ந்த பசையின் அடர்த்தி ஏறக்குறைய 1.8 என்பதால், அதற்குள் பெட்டும் மிதக்கும் பொருள்தான். கலவை நீர்த்துப்போனால் 2.7 அடர்த்தியுள்ள சல்லி கீழே போகும், பிளாஸ்டிக் மேலே வரும். களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு வளவில் இதை நான் கண்ணால் கண்டேன். மாலையில் வழவழவென்று மட்டம் செய்து விட்டுப்போன பாதையின் மேல், அடுத்த நாள் காலையில் வெள்ளைத் துண்டுகள் நெற்பொரி தூவியது போலப் பரவிக் கிடந்தன. விளக்குமாற்றால் கூட்டியபோது அவை பெயர்ந்து வந்தன. காரணம், வேலை முடியும் நேரத்தில் கடைசிக் கலவைகளில் கூடுதலாக ஊற்றிய ஒரு வாளித் தண்ணீர்.

துண்டின் வடிவம் பதத்தை மிகவும் பாதிக்கும். உருண்டையான மணிகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு கலவையை இளக்கும். வெட்டிய தட்டையான சீவல்கள் ஒன்றோடொன்று சிக்கி அதை இறுக்கும், தம் அடியில் தண்ணீரையும் தேக்கி வைக்கும். பிளாஸ்டிக் சேர்த்தால் பதம் கூடும் என்று ஒருவரும் குறையும் என்று இன்னொருவரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்; இருவரும் வேறு வேறு வடிவத் துண்டுகளைப் பயன்படுத்தியிருப்பார்கள் என்பதே பெரும்பாலும் விளக்கம். எந்த வடிவமானாலும் 5 மில்லிமீற்றர் அரிதட்டில் விழும் துண்டுகளை மட்டும் எடுங்கள்.

கழுவுவதில் சோம்பல் கூடாது. சோடாப் போத்தலில் எஞ்சியிருக்கும் சீனி சீமெந்துக்குப் பெரும் பகை. சீமெந்தின் எடையில் 0.05 சதவீதச் சீனியே இறுகும் நேரத்தைச் சில மணித்தியாலங்கள் பின்தள்ளப் போதும். 50 கிலோகிராம் பை ஒன்றுக்கு அது வெறும் 25 கிராம், ஒரு கோப்பை இனிப்புப் பானத்தில் இருக்கும் அளவு. எண்ணெய்ப் படலம் சாந்து பற்றுவதைத் தடுக்கும். சலவைத் திரவத்தின் எச்சம் நுரை எழுப்பிக் காற்றைப் புகுத்தும். இரண்டு முறை அலசி, சாக்கில் தொங்கவிட்டு, தண்ணீர் முழுவதும் வடிந்து உலர்ந்த பின்பே நிறுக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீரை உறிஞ்சுவதில்லை என்பதால், அதன்மேல் ஒட்டியிருக்கும் ஈரம் முழுவதும் கலவைத் தண்ணீரோடுதான் சேரும்.

மாற்று மணலை அறிதல்

நம் பகுதியின் நிலத்தடிப் பாறை விஜயன் தொகுதியைச் சேர்ந்த நைஸ் பாறை. அதை உடைத்து வரும் கல்தூளில் மின்னும் மைக்காத் தகடுகள் இருக்கக்கூடும். கையில் ஒரு பிடி எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். நிறைய மின்னினால் அந்தக் குவியலை விட்டுவிடுங்கள், மைக்கா தண்ணீரை வீணாகக் கேட்கும். கல்தூளின் மணிகள் ஆற்று மணலைப் போல உருண்டவை அல்ல, முனை கூரானவை. அதனோடு மாப்போன்ற நுண்தூளும் கலந்திருக்கும். சிறிதளவு நுண்தூள் நல்லதே. அது இடைவெளிகளை நிரப்பி, கலவையைப் பிரியாமல் பிடித்து வைக்கும். பிளாஸ்டிக் மேலே வருவதையும் தடுக்கும். அளவு மீறினால் கலவை பிசின் போல ஒட்டி, சவளை விட்டு இறங்காது. ஆகவே கழுவி அரித்த தூளைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால், ஆற்று மணலையும் கல்தூளையும் எடையில் சரிபாதியாகச் சேர்ப்பது தொடங்குவதற்கு நல்ல விகிதம்.

ஆற்று மணலில் களி இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடிக் குடுவைச் சோதனை போதும். 1 சதவீத உப்புக் கரைசல் 50 மில்லிலீற்றர் ஊற்றி, 100 மில்லிலீற்றர்க் கோடு வரை மணலைப் போட்டு, மேலும் கரைசல் விட்டு 150 வரை நிரப்பிக் குலுக்கி, 3 மணித்தியாலங்கள் அசையாமல் வையுங்கள். மணலின் மேல் படியும் வண்டலின் உயரம் மணலின் உயரத்தில் 8 சதவீதத்துக்கு மேற்பட்டால் அந்த மணலைக் கழுவ வேண்டும். கல்தூளுக்கு இந்த எல்லையை அப்படியே பொருத்த வேண்டாம், மேலே படிவது களி அல்ல, கல்லின் நுண்தூள்.

கடல்மணலைப் பற்றி ஒரு சொல். காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரை வீட்டு வாசலிலேயே மணல் இருக்கிறதே என்று பலருக்குத் தோன்றும். அனுமதியின்றிக் கரையை அள்ளுவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அதில் உள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். கம்பியுள்ள கொங்கிறீட்டில் குளோரைட்டின் அளவைச் சீமெந்தின் எடையில் 0.20 அல்லது 0.40 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று ஐரோப்பிய நியமம் வகுத்திருப்பது இதனால்தான். மணிகளும் மிகச் சிறியவை, ஆகவே ஒரே பதத்துக்குக் கூடுதல் தண்ணீர் கேட்கும். சுனாமி தகர்த்த கரையோரத்தில் வாழும் நாம் அந்த மணல்மேட்டை இருக்கும் இடத்திலேயே விட்டுவைப்பது நல்லது.

மணலுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் கைக்கொள்ள முடியும் என்றால் இதையே கைக்கொள்ளுங்கள். ஈர மணலில் 500 கிராம் நிறுத்து, தாச்சியில் போட்டு, அடுப்பில் வறுத்து, மீண்டும் நிறுங்கள். 470 கிராம் வந்தால், ஈரம் உலர் எடையில் 6.4 சதவீதம். அதில் ஏறக்குறைய 1 சதவீதம் மணியின் உள்ளே உறிஞ்சப்பட்டிருக்கும், மீதி 5.4 சதவீதம் கலவைக்குள் வந்து தண்ணீராக வேலை செய்யும். ஒரு கலவைக்கு 20 கிலோகிராம் மணலும் 5.4 லீற்றர் தண்ணீரும் தேவை என்று வையுங்கள். அந்த மணலுக்குள் ஏற்கெனவே 1.08 லீற்றர் இருக்கிறது, அதாவது தேவையான தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு. கார்த்திகை, மார்கழி மாரியில் திறந்த வெளியில் கிடக்கும் குவியலில் இந்த அளவு காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே மாறும். ஈர மணல் 20, 30 சதவீதம் வரை பருத்தும் காட்டும். பெட்டியால் அளப்பவர் தான் நினைப்பதைவிடக் குறைவான மணலையே போடுகிறார். எனவே தராசு கட்டாயம்.

பங்குகளைக் கணித்தல்

சோதனைக் கலவைக்கு 10 கிலோகிராம் சீமெந்து, 20 கிலோகிராம் மணல், 32 கிலோகிராம் 20 மில்லிமீற்றர்ச் சல்லி, 5.4 லீற்றர் தண்ணீர் எடுங்கள். இது ஒரு கன மீற்றருக்கு 350 கிலோகிராம் சீமெந்து வரும் விகிதம். ஏறக்குறைய 28 லீற்றர்க் கொங்கிறீட் கிடைக்கும்.

பிளாஸ்டிக்கை எடைக்கு எடை மாற்றுவது இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. மாற்ற வேண்டியது கன அளவையே. மணலின் அடர்த்தி 2.65 என்பதால் 20 கிலோகிராம் மணலின் திண்மக் கன அளவு 7.55 லீற்றர். அதில் 5 சதவீதம் 0.38 லீற்றர், ஆகவே 1 கிலோகிராம் மணலை எடுத்துவிட்டு, பெட் என்றால் 520 கிராமும், அடர்த்தி கூடிய பொலித்தீன் என்றால் 360 கிராமும், பொலிப்புறொப்பிலீன் என்றால் 340 கிராமும் சேர்க்க வேண்டும். 10 சதவீதத்துக்கு இவற்றை இரட்டியுங்கள். இப்படிச் செய்யாமல், 10 சதவீதம் என்று சொல்லி 2 கிலோகிராம் மணலுக்குப் பதில் 2 கிலோகிராம் பொலிப்புறொப்பிலீனைப் போட்டால், உண்மையில் 2.2 லீற்றர், அதாவது மணலின் கன அளவில் 29 சதவீதம் உள்ளே போய்விடும். அந்தக் கலவை எந்தத் தண்ணீராலும் பதத்துக்கு வராது.

நான்கு கலவைகள் செய்யுங்கள்: ஆற்று மணல் மட்டும், ஆற்று மணலும் கல்தூளும் பாதிக்குப் பாதி, அதே பாதிப் பங்கில் 5 சதவீதப் பிளாஸ்டிக், பின்னர் 10 சதவீதம். நான்கிலும் தண்ணீர் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது எதைச் செய்தது என்று தெரியும். முதல் முயற்சியில் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கலக்கும் ஒழுங்கு

இயந்திரத்தில் முதலில் சல்லியையும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரையும் இடுங்கள். மணல், கல்தூள், பிளாஸ்டிக் ஆகிய மூன்றையும் வெளியே தகரத்தில் உலர்வாகக் கலந்து வைத்துக்கொண்டு, அதைச் சீமெந்தோடு உள்ளே விடுங்கள். பிளாஸ்டிக்கைத் தனியாகத் தண்ணீரின்மேல் கொட்டினால் அது மிதந்து, ஒரு மூலையில் திரளும். மணலோடு உலர்வாகக் கலந்திருந்தால் ஒவ்வொரு துண்டையும் சாந்து போர்த்துக்கொள்ளும். பின் மீதித் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு, 3 நிமிடம் சுழற்றுங்கள். கையால் கலப்பதென்றால் நிறம் ஒன்றாகும் வரை உலர்வாக மூன்று தடவை புரட்டிய பின்பே தண்ணீர் தொட வேண்டும்.

சரிவுச் சோதனை

மேசன்மார் ஸ்லம்ப் என்று சொல்லும் இச்சோதனைக்குரிய கூம்பு 300 மில்லிமீற்றர் உயரம், அடியில் 200, மேலே 100 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது. உட்புறத்தை நனைத்து, நீர் உறிஞ்சாத தட்டையான தகட்டில் வைத்து, கூம்பின் அடியில் இருபுறமும் நீட்டிய காதுகளை மிதித்துக்கொண்டு மூன்று படைகளாக நிரப்புங்கள். ஒவ்வொரு படையையும் 16 மில்லிமீற்றர் விட்டமும் 600 மில்லிமீற்றர் நீளமும் உள்ள, நுனி உருண்ட கம்பியால் 25 தடவை குத்த வேண்டும். மேலே மட்டம் செய்து, 2 முதல் 5 விநாடிக்குள் கூம்பை நேர் மேலே தூக்கி, பக்கத்தில் கவிழ்த்து வைத்து, உச்சி எவ்வளவு இறங்கியது என்று அளவுகோலால் பாருங்கள். தொடங்கியதிலிருந்து 150 விநாடிக்குள் எல்லாம் முடிய வேண்டும். கையால் இறுக்கிப் போடும் பாதை வேலைக்கு 50 முதல் 90 மில்லிமீற்றர் இறக்கம் பொருத்தமானது. குவியல் ஒரு பக்கமாக வெட்டுப்பட்டுச் சரிந்தால் அந்த அளவை எடுக்காமல் மீண்டும் செய்யுங்கள். இரண்டாம் முறையும் சரிந்தால் கலவையில் ஒட்டு இல்லை என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. இச்சோதனையில் கொங்கிறீட் தன் பாரத்தால் இறங்குகிறது. பிளாஸ்டிக் கலந்தது பாரம் குறைந்தது. கூரான கல்தூளும் தட்டைச் சீவலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஆகவே இறக்கம் 30 மில்லிமீற்றர் மட்டுமே காட்டிய கலவை, வைப்பிறேற்றரை (கொங்கிறீட்டை அதிரவைத்து இறுக்கும் கருவி) வைத்தவுடன் நன்றாக இளகி ஓடுவதுண்டு. சரிவைத் தனியாக நம்பித் தண்ணீர் சேர்த்தால், தேவையே இல்லாத இடத்தில் வலிமையைக் கெடுத்தவர்களாவோம். அதனால்தான் அடுத்த சோதனையும் அவசியம்.

வாளி நிறுவைச் சோதனை

கடினமான இரும்பு வாளி ஒன்றில் 10 கிலோகிராம் தண்ணீர் ஊற்றி, அது நிற்கும் மட்டத்தில் கோடு கீறுங்கள். அதுவே 10 லீற்றர். அந்தக் கோடு வரை கொங்கிறீட்டை மூன்று படையாக, களத்தில் எப்படி இறுக்குவீர்களோ அப்படியே இறுக்கி நிரப்பி நிறுங்கள். மேலே தந்த பங்கின்படி, பிளாஸ்டிக் இல்லாத கலவை வாளியின் எடை நீங்கலாக 23.6 கிலோகிராம் அளவில் வர வேண்டும். 5 சதவீதப் பெட் சேர்ந்தால் 23.4, 10 சதவீதத்துக்கு 23.3, பொலிப்புறொப்பிலீன் 10 சதவீதம் என்றால் 23.1. பிளாஸ்டிக்கால் எடை குறைவது இவ்வளவுதான். உங்கள் தராசு 22.2 என்று காட்டினால், குறைந்தது பிளாஸ்டிக்கின் பாரம் அல்ல, உள்ளே ஏறக்குறைய 5 சதவீதக் காற்று நிற்கிறது. 5 சதவீத வெற்றிடம் வலிமையில் 30 சதவீதம் வரை கெடுக்கும் என்பது கொங்கிறீட் இயலில் நிலைபெற்ற உண்மை. "பிளாஸ்டிக் போட்டதால் கட்டி உடைந்தது" என்று பழி சொல்லப்படும் பல இடங்களில் உண்மைக் குற்றவாளி இந்தக் காற்றாகவே இருக்கும்.

கலவையில் மீந்ததை 150 மில்லிமீற்றர்க் கனசதுர அச்சுகளில் நிரப்பி வையுங்கள். 7 நாளிலும் 28 நாளிலும் உடைத்துப் பார்க்க அவை உதவும். ஓர் அச்சின் மேல்முகத்தை 20 நிமிடத்துக்குப் பின் கரண்டியால் மெல்லச் சுரண்டுங்கள். பிளாஸ்டிக் கூட்டமாக வந்தால் கலவை நீர்த்திருக்கிறது.

பதம் தவறினால் திருத்துதல்

கலவை இறுக்கமாக இருந்தால், முதலில் கல்தூளின் பங்கைப் பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறையுங்கள். அதிலும் சரிவராவிட்டால் நீரைக் குறைத்து இளக்கம் தரும் சேர்மானத் திரவத்தை, அதன் கொள்கலனில் குறித்த அளவில், கடைசித் தண்ணீரோடு சேர்க்கலாம். அது கிடைக்காத இடத்தில் தண்ணீரும் சீமெந்தும் சேர்ந்தே கூட வேண்டும்: 1 லீற்றர் தண்ணீருக்கு 1.85 கிலோகிராம் சீமெந்து. தண்ணீரை மட்டும் ஊற்றுவது ஒருபோதும் திருத்தம் ஆகாது. கலவை ஒட்டில்லாமல் சாந்தும் சல்லியும் பிரிந்தால், தண்ணீரைக் குறைத்து, சல்லியின் பங்கைச் சிறிது குறைத்து மணலின் பங்கைக் கூட்டுங்கள்.

கச்சான் காலத்தில் வேலை

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மலையைக் கடந்து காய்ந்து, சூடேறி நம்மிடம் வருகிறது. காலையில் 80 மில்லிமீற்றர் காட்டிய கலவை அரை மணித்தியாலத்தில் எவ்வளவு இறுகுகிறது என்று, கலந்தவுடனும் 30 நிமிடத்திலுமாக இரண்டு முறை சரிவைப் பாருங்கள். சல்லிக் குவியலுக்கு முன்மாலையில் தண்ணீர் தெளித்து நிழல் கட்டுவதும், தண்ணீர்ப் பீப்பாயை வெயிலில் வைக்காமல் இருப்பதும், விடியற்காலையில் தொடங்கி முற்பகலுக்குள் முடிப்பதும் எந்தச் சேர்மானத்தைவிடவும் மலிவான வழிகள். மேல்முகத்தில் நீர் மினுமினுப்பு மறைந்தவுடன் மட்டம் செய்து, உடனே ஈரச் சாக்கால் மூடுங்கள். 7 நாள் ஈரம் காயக் கூடாது.

வைப்பிறேற்றரை ஒரே இடத்தில் நெடுநேரம் பிடிக்க வேண்டாம். குமிழி வருவது அடங்கியவுடன் மெல்ல வெளியே எடுங்கள். அதற்கு மேலும் அதிர்ந்தால் பிளாஸ்டிக் மேலே ஏறும்.

இயந்திரத்தையும் சவளையும் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள். அதில் சிறு துண்டுகள் இருக்கும், அவை வாவிக்கும் வயலுக்கும் போய்ச் சேரும். ஒரு பீப்பாயின் வாயில் பழைய சாரத்தை இரண்டாக மடித்துக் கட்டி, கழுவு நீர் முழுவதையும் அதன்வழியே வடியுங்கள். துணியில் தங்கிய துண்டுகளை உலர்த்தி, நிறுத்து, அடுத்த கலவையின் பங்கில் சேர்த்துவிடலாம்.